டாக்டர் ஓட்டிய வண்டி

தமிழ்நாட்டில் கைமாறும் பழைய கார்களையெல்லாம் இதற்கு முன் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். புரோக்கர்கள் சொல்வதை நம்பிக் கணக்கெடுத்தால், அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைச் சுற்றி நாலு டாக்டர் நிற்க வேண்டும். "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி. வீடு விட்டா கிளினிக், கிளினிக் விட்டா வீடு" என்றார் எனக்கு விற்றவர். என் கைக்கு வந்ததும் அது கிளினிக்கையும் விட்டுவிட்டது. வீட்டோடு நின்றது.

சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. குடும்பத் தலைவன் இந்த மாதிரி நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு பானெட் லீவரை இழுத்தேன். டிக்கி திறந்தது. இன்னொன்றை இழுத்தேன். பெட்ரோல் மூடி திறந்தது. "பானெட் முன்னாடி இருக்குங்க" என்றாள், முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவையோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவி.

குரோம்பேட்டையில் பானெட்டைத் தூக்கி நிறுத்தினால் அது ஊருக்கே வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி. முதலில் வந்தவர் இஸ்திரி வண்டிக்காரர். "பெட்ரோல் இருக்கா சார்?" என்றார். என்னை என்னவென்று நினைத்தார்! "அதெல்லாம் நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பியதும் முள்ளைப் பார்த்துக்கொண்டேன். மாடிவீட்டு ஐ.டி. பையன், எலி ஒயரைக் கடித்திருக்கும் என்றான். இது விளையாட்டுப் பேச்சு இல்லை. மழைக்காலத்தில் என்ஜின் சூட்டுக்கு எலி குடிவருவதும், பொழுது போகாமல் ஒயரைக் கடிப்பதும் உண்டு. டார்ச் அடித்துத் தேடினோம். எலிப் புழுக்கைகூட இல்லை. "எலிக்கே இந்த வண்டி பிடிக்கலை போல" என்றார் இஸ்திரிக்காரர். அவருக்கு வேலை இல்லையா என்று தெரியவில்லை.

எதிர்வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். அன்றிலிருந்து அளப்பதற்கு எதுவும் அகப்படாமல் தவித்துக்கொண்டிருந்தவர். மல்டிமீட்டரோடு ஓடி வந்தார். பேட்டரியில் 12.6 வோல்ட். முழு சார்ஜ். நானும் என் பங்குக்கு ஹெட்லைட்டைப் போட்டு, ஹார்னை அடித்து, "பாருங்க, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரெண்டு லைட்டுக்கும் சேர்த்து பத்து ஆம்பியர் போதும் சார். செல்ஃப் மோட்டார் நூறுக்கு மேல இழுக்கும். டெர்மினல்ல பச்சையா பூத்திருந்தாலோ, எர்த் ஒயர் லூசா இருந்தாலோ லைட் எரியும், செல்ஃப் எடுக்காது."

லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருகச் சொன்னார். லைட் சட்டென்று மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல். மங்காமல் 'டக்' மட்டும் கேட்டால் கோளாறு செல்ஃப் மோட்டார் பக்கம். லைட் கொஞ்சமும் அசையவில்லை.

இதற்குள் கோடி வீட்டுப் பெரியவர் வந்து, அந்தக் காலத்து அம்பாசடராக இருந்தால் முன்னால் ஹேண்டிலைச் செருகி ஒரே சுற்றில் கிளப்பியிருக்கலாம் என்றார். கிளப்பியிருக்கலாம்தான். என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டும் கிளம்பிப் போயிருக்கும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் 1912 மாடல் காடிலாக்கில் வந்த பிறகுதான் மனிதக் கைகளுக்கு நிம்மதி. அந்தக் கெட்டரிங் கண்டுபிடித்த சாமான்தான் இப்போது என் வண்டிக்குள் படுத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது கியர்ல போட்டுத் தள்ளினா எடுத்துடும்" என்றான் ஐ.டி. பையன். தள்ளுவது என்ற பேச்சு வந்ததும் கூட்டம் மெல்லக் கலைந்தது.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "டக்குனு ஒரு சத்தமா, டக்டக்டக்னு விடாமலா? அடிச்சுக் காட்டுங்க சார்." நடுத்தெருவில் நின்று, வேட்டி சட்டையில், போனுக்குள் உரக்க 'டக்' என்றேன். சின்னப் பையன்கள் கைதட்டினார்கள். "அப்ப செல்ஃப்தான். கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். கியரை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு, மேடத்தைச் சாவி திருகச் சொல்லுங்க. நீங்க கீழ படுத்து, செல்ஃப் மோட்டார் மேல ஜாக்கி கம்பியால லேசா ஒரு தட்டு."

என்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில், தடி ஒயர் போகும் உருளைதான் செல்ஃப் மோட்டார். நான் முதலில் தட்டியது சைலன்சர் என்று எழும்பிய நாதத்திலிருந்தே தெரிந்தது. "இன்ஷூரன்ஸ் புதுப்பிச்சாச்சாங்க?" என்று மேலிருந்து குரல் வந்தது. "வண்டிக்குத்தானே?" என்றேன். பதில் இல்லை. பயத்தில் ஓங்கித் தட்டினேன். வண்டி கிளம்பிவிட்டது! தேய்ந்த பிரஷ் உள்ளே சுழலும் செம்பைத் தொடாமல் நிற்கும். தட்டுகிற அதிர்ச்சியில் நகர்ந்து கொஞ்சம் தொடும். அந்தக் கொஞ்சம் அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. பந்திக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பிரஷ் மாற்றப் பெரிய செலவில்லை. ஆனால் தட்டினால் ஓடுகிற ஒன்றுக்கு எதற்குச் செலவு என்று எனக்குத் தோன்றிவிட்டது. காலையில் பழைய லுங்கி விரித்துப் படுப்பேன், கம்பியால் தட்டுவேன், எழுந்து குளித்து ஆபீஸ் போவேன். பேப்பர் போடும் பையன் எனக்கு வணக்கம் சொல்வான். கீழே படுத்திருக்கும் எனக்கு அவன் கால் மட்டும்தான் தெரியும். கடைசியில் ஒரு மழைநாள் சேறு அந்த ஞானத்துக்கு முடிவு கட்டியது. மெக்கானிக் பிரஷை மாற்றிக் கொடுத்தார். இப்போது தொட்டதும் கிளம்புகிறது.

நேற்று மனைவி வந்து, "பின்வீட்டு மாமியோட கிரைண்டர் சுத்தலையாம். உங்களைக் கொஞ்சம் வந்து பார்க்கச் சொன்னாங்க" என்றாள்.

"கிரைண்டரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுன்னு நானும் சொன்னேன். பரவாயில்லை, அந்தக் கம்பியை எடுத்துட்டு வந்தாப் போதும்னாங்க."