வேட்டி வெள்ளைன்னு யாருடா சொன்னது?

பேராண்டி, நீ எடுத்த கல்யாண ஆல்பத்தைப் பார்த்தேன். பொண்ணுக்கு மஞ்சக்காமாலை, மாப்பிள்ளைக்கு மூச்சுத்திணறல். அவ ஒரு பக்கம் மஞ்சளா, இவன் ஒரு பக்கம் நீலமா நிக்கறாங்க. நல்லவேளை, நம்ம புத்தூர்லயே ஜி.எச். இருக்கு, தாலி கட்டின கையோட ரெண்டு பேரையும் அட்மிட் பண்ணிடலாம். ஏண்டா இப்படின்னு கேட்டா, "ஒயிட் பேலன்ஸை ஆட்டோல போட்டேன் தாத்தா"ங்கற. ஆட்டோல போட்டா நால்ரோட்டுக்குத்தான்யா போகும்.

நான் காலேஜ் வாசல் மிதிக்காதவன்தான். ஆனா ஸ்டுடியோ டார்க் ரூம்ல கிடந்து கலர் பிரிண்ட் போட்டவன். சயான், மெஜந்தா, மஞ்சள்னு ஃபில்டரைக் கூட்டிக் குறைச்சு, ஈரப் பேப்பரை வாசல்ல கொண்டுபோய்ப் பார்த்து, மூஞ்சி நிறம் சரியில்லைன்னா கிழிச்சுப் போடணும். உனக்குத் தப்புன்னா லேப்டாப்ல ஒரு தட்டு. எங்களுக்குத் தப்புன்னா ஒரு பேப்பர் தண்டம், முதலாளி வாயில நாலு வார்த்தை. அன்னைக்கு ஃபிலிம்லயே ரெண்டு ஜாதி இருந்துச்சு: பகல் வெளிச்சத்துக்கு 5500 கெல்வின், ஸ்டுடியோ பல்புக்கு 3200. டியூப் லைட் வெளிச்சத்துக்குள்ள நுழைஞ்சா பச்சை அடிக்கும். லென்ஸ் மூஞ்சில ரோஸ் கலர்ல ஒரு எஃப்.எல்.டி. ஃபில்டரை மாட்டுவோம். இப்ப அந்த வேலை எல்லாம் உன் கட்டைவிரல்ல இருக்கு. கட்டைவிரல் பாவம், ரீல்ஸ் தள்ளவே நேரம் பத்தல.

வெளிச்சத்தோட நிறத்தை அளக்கற இந்தக் கெல்வினைப் புரிஞ்சுக்க யூடியூப் வேண்டாம், ஸ்ரீரங்கத்துக்கு ஒரு டவுன் பஸ் ஏறு. ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துட்டுத் திரும்பிடாத. 236 அடி, 1987ல முடிச்சது, அதைத்தான் ஊரே படம் எடுக்குது. நீ கிழக்குப் பக்கம் வெள்ளைக்கோபுரத்துக்குப் போ. படையெடுத்து வந்தவங்க தலைவனை மேலே கூட்டிப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதிச்ச வெள்ளையம்மா நினைவாத்தான் அதுக்கு வெள்ளை அடிக்கறாங்கன்னு சொல்லுவாங்க. காலையில சூரியன் எழும்பறப்ப அந்த வெள்ளை சந்தனமா இருக்கும். ஏறக்குறைய 3000 கெல்வின். உச்சி வெயில்ல சுத்த வெள்ளை, 5500. சாயங்காலம் வெயில் மேற்கே போயிட்டா கோபுரத்தோட கிழக்கு முகம் நிழல்ல விழும். வானத்து வெளிச்சம் மட்டும் அடிக்கும், 7000, 8000. கேமராவுல பாரு, கோபுரம் நீலம். கண்ணால பாரு, மூணு வேளையும் வெள்ளை. கண்ணு நம்மை ஏமாத்துதுடா. ஏமாத்துறதுதான் அதுக்கு வேலை. இல்லேன்னா விளக்கு மாத்தறப்பல்லாம் பொண்டாட்டி மூஞ்சி மாறிப் போகும்.

பக்கத்துத் திருவானைக்காவல்ல 1888ல பொறந்தாரே சர் சி.வி. ராமன், அவரே கடைசி காலத்துல பூ நிறம், கண்ணு நிறத்தை எப்படிப் பார்க்குதுங்கற விஷயத்துலதான் உட்கார்ந்தார். 1968ல அதுக்குன்னு தனியா ஒரு புத்தகமே போட்டார். நோபல் வாங்கினவரே கண்ணை நம்பாம ஆராய்ச்சி பண்ணினார். நீ பின்னாடி இருக்கற குட்டித் திரையைப் பார்த்து "சூப்பரா இருக்கு"ங்கற.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இதுல எல்லாரும் இடறி விழுவாங்க. கேமராவுல கெல்வின் எண்ணை ஏத்த ஏத்த படம் மஞ்சளா மாறும். எண்ணு ஏறினா நீலம்னு இப்பதானே தாத்தா சொன்னீங்கன்னு முறைக்காத. வெளிச்சம் நீலமா இருக்குன்னு நீ கேமராகிட்டச் சொல்ற; அது, "சரி மொதலாளி"ன்னு மஞ்சளைச் சேர்த்து ஈடுகட்டுது. அவ்வளவுதான் சூட்சுமம். பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் தனியா இன்னொரு திருகு இருக்கு. டியூப் லைட் மண்டபத்துல அதைத் தொடாதவன் படத்துல மாமியாருக்குப் பாசி பிடிச்சிருக்கும்.

ஆட்டோவைக் குத்தம் சொன்னேனே, அது என்ன பண்ணுதுன்னு கேளு. படத்துல இருக்கற எல்லா நிறத்தையும் கூட்டிப் பார்த்தா சாம்பல் வரணும்னு பல நேரம் அது கணக்குப் போடும். நம்ம ஊருக்கு அந்தக் கணக்கு ஆகுமா? மாசியில குழுமாயி அம்மன் குட்டிகுடித் திருவிழாவுக்கு வந்து பாரு. மந்தையில மஞ்சத்துணி, மஞ்சத்தண்ணி, வேப்பிலை, அரளி. கேமரா என்ன நினைக்கும்? விளக்குதான் மஞ்சளா எரியுதுன்னு நினைச்சு நீலத்தை அள்ளி ஊத்தும். ஆத்தாளுக்கு நேர்ந்துக்கிட்ட மஞ்சளை அழிச்சவன்ங்கற பாவம் உனக்கு எதுக்கு? இன்னொரு பக்கம், பல கேமராவுல ஆட்டோ 3000லருந்து 7000 வரைக்கும்தான் ஓடும். எண்ணெய் விளக்கு 1900 பக்கத்துல எரியும். அங்க அது கையை விரிச்சுடும்.

சரி, அடுத்த ஜம்பத்துக்கு வருவோம். "லேப்டாப்ல வெள்ளை வேட்டியைக் கிளிக் பண்ணி பேலன்ஸ் எடுத்துட்டேன் தாத்தா." எந்த வேட்டிடா? மாமன் கட்டியிருக்கானே, நீலம் போட்டு அலசினது, அதுவா? அது வெள்ளை இல்ல. நீலத்தை நீக்கிப் பார்த்தாலும், இப்ப வர்ற சோப்புப் பவுடர்ல பளிச்சுக் காட்டற மருந்து ஒண்ணு கலந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாத் திருப்பி விடும். வெயில்ல அந்த வேட்டி நீலம் கக்கும், எல்.இ.டி. வெளிச்சத்துல புற ஊதா அனேகமா கிடையாது, அதே வேட்டி அடங்கிக் கிடக்கும். அதை வெள்ளைன்னு நம்பினா கேமரா நீலத்தை உருவும், பொண்ணு மூஞ்சி மஞ்சளாகும். காமாலை எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியுதா? ஜெராக்ஸ் பேப்பரும் அதே கூட்டுக்களவாணிதான். பல்லு, கண்ணு முழி, திருநீறு, நாமம் எதையும் நம்பாத. அதுவும் ஃபிளாஷ் பட்டு வெளுத்துப்போன இடத்தைத் தொட்டா அங்க நிறக் கணக்கே செத்துப் போயிருக்கும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவன் வெள்ளையை விட்டுட்டுச் சாம்பலைப் பிடிக்கிறான்.

இதெல்லாம் உனக்கு முன்னாடியே உங்க பாட்டிக்குத் தெரியும். என்.எஸ்.பி. ரோட்டுத் துணிக்கடையில விற்பனைப் பையன் என்னதான் விரிச்சுக் காட்டினாலும், "கொஞ்சம் வாசல்ல கொண்டாப்பா"ன்னு சேலையைத் தூக்கிட்டு வருவா. கடைக்குள்ள ஒண்ணாத் தெரிஞ்ச முந்தியும் ஜாக்கெட் துணியும் வெயில்ல ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும். உறையூர்ல நெசவுக்காரங்க நூல் நிறம் பார்க்கறதும் பகல் வெளிச்சத்துலதான். லட்ச ரூபா கேமராக்காரனுக்கு அந்த வாசல்படி புத்தி வரமாட்டேங்குது.

சாமான் வாங்கணும்னு துடிக்கறியே, சொல்றேன் கேட்டுக்க. கிரே கார்டு, 18 சதவீதம் ஒளியைத் திருப்பற சாம்பல் அட்டை. அது வெளிச்சம் அளக்கப் பொறந்தது. நிறம் அளக்கறதுக்கு எல்லா அட்டையும் தேறாது. மலிவா வாங்கினா சாம்பலுக்குள்ளயே கொஞ்சம் நீலமோ சிவப்போ ஒளிஞ்சிருக்கும். நிறத்துக்குன்னே பண்ணினது வைபால். பிளாஸ்டிக் முழுக்க ஒரே சாம்பல், கீறினாலும் உள்ளே அதே நிறம். கலர் செக்கர்னு இன்னொண்ணு, 1976லருந்து இருக்கு, 24 கட்டம். அதுல ஒரு வரிசை வெள்ளையிலருந்து கறுப்பு வரைக்கும் ஆறு படி. மேல் வரிசையில கறுத்த தோல், சிவந்த தோல், வானம், இலைன்னு நிறம் வச்சிருக்கான். உன் கேமரா எந்த நிறத்தை எவ்வளவு கோணலாப் பார்க்குதுன்னு அதை வச்சு லேப்டாப்ல திருத்திக்கலாம். பட்டுச்சேலைக் கடைக்கு விளம்பரம் எடுக்கறவனுக்கு அது வேணும். பூப்புனித நீராட்டு எடுக்கற உனக்கு இப்போதைக்கு வேண்டாம். கேமராத் தவணையை முதல்ல கட்டு.

எக்ஸ்போடிஸ்க்னு ஒண்ணு லென்ஸ் மேல மூடி மாதிரி மாட்டறது. மத்ததெல்லாம் பொருள்ல பட்டுத் திரும்பற வெளிச்சத்தைப் பார்க்கும். இது விழற வெளிச்சத்தையே பார்க்கும். அதனால நீ இருக்கற இடத்துல நின்னு எடுக்கக் கூடாது. பொண்ணு உட்காரப் போற மணையில நீ போய் உட்கார்ந்து, அங்கேருந்து கேமராவை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி எடுக்கணும். முகூர்த்தத்துக்கு முன்னாடியே முடிச்சுக்க. ஐயர் அவசரத்துல இருந்தார்னா உன் கழுத்துல தாலி ஏறிடும். எக்ஸ்போடிஸ்க் வாங்கக் காசில்லாத வெள்ளைக்காரன் காபி வடிகட்டற பேப்பரை லென்ஸ் மேல கட்டி ஒப்பேத்தறானாம். உங்க பாட்டியோட பித்தளை ஃபில்டரைத் தூக்கிட்டுப் போயிடாத.

காசே இல்லையா? ஹார்டுவேர் கடையில குழாய் மரைக்குச் சுத்தற டெஃப்லான் டேப் கேளு. ஆய்வகத்துல வெள்ளைக்கு அளவுகோலா வச்சிருக்கறதும் அந்த வகைப் பொருள்தான். ஒத்தையாச் சுத்தினா பின்னாடி இருக்கறது தெரியும். பல சுத்து சுத்தி ஒரு வில்லை பண்ணிக்க. மேடையில 'நல்வரவு'ன்னு வெட்டி ஒட்டறாங்களே தெர்மாகோல், அதுவும் வேட்டியைவிட யோக்கியம். ஆனா மேடையில இருக்கறதைத் தொடாத, அது மேல டெகரேஷன்காரன் கத்திரிப்பூ லைட்டை அடிச்சு வச்சிருப்பான். கீழே விழுந்த துண்டை எடுத்துக்க.

அட்டை கையில இருந்தாப் போதுமா? பொண்ணு மூஞ்சியில படற வெளிச்சத்துல, மூஞ்சிப் பக்கத்துலயே பிடிக்கணும். நீ கீழே நின்னுக்கிட்டு உன் மடியில வச்சு எடுத்தா உன் மடிக்குத்தான் நிறம் சரியா வரும். மாப்பிள்ளை நெஞ்சுல நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னா ஸ்டேஷன்ல நம்பர் பிடிச்ச கணக்கா நிப்பான். கண்டுக்காத, ஒரு படம்தானே. பிறகு மெனுவுல அந்தப் படத்தைக் காட்டி, ஒயிட் பேலன்ஸை கஸ்டம்ல மாத்தணும். மாத்த மறந்தவன் நிறைய. மாத்திட்டு, பந்திக்குப் போனப்ப மறுபடி எடுக்க மறந்தவன் அதைவிட நிறைய. அவன் ஆல்பத்துலதான் சாம்பார் நீலமா இருக்கும். "ரா ஃபைல்ல எடுக்கறேன், பிறகு மாத்திக்குவேன்"கறியா, நல்லது, ரா ஃபைல்ல ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்புதான், எப்ப வேணா மாத்தலாம். ஆனா எதைப் பார்த்து மாத்துவ? அட்டை இருக்கற படம் ஒண்ணாவது கைவசம் இருந்தாத்தானே! ஜேபெக்ல எடுத்தவன் பாடு திண்டாட்டம்.

இப்ப மண்டபத்து நிலவரம். காலை ஆறு மணி முகூர்த்தம். வாசல் வழியா நீல வெளிச்சம், தலைக்கு மேல பச்சை டியூப், மேடையில கத்திரிப்பூ எல்.இ.டி., நடுவுல ஓம குண்டம். நாலு வெளிச்சத்துக்கு ஒரு அட்டை நியாயம் சொல்லாது. அங்க சாமானைத் தேடாத, ஸ்விட்சைத் தேடு. டெகரேஷன் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து, தாலி கட்டற பத்து நிமிஷம் அந்தக் கத்திரிப்பூவை அணைக்கச் சொல்லு. ஃபிளாஷ் போடறதா இருந்தா அது பகல் நிறம். மேடை பல்பு மஞ்சளா இருந்தா ஃபிளாஷ் மேல ஆரஞ்சு ஜெல் ஒண்ணு ஒட்டிக்க, ரெண்டும் ஒத்துப்போகும்.

மலிவு எல்.இ.டி. வேற ஒரு திருட்டு பண்ணும். உள்ளே நீலச் சில்லு, மேலே மஞ்சப் பூச்சு. ஆழ்ந்த சிவப்பு அதுல அனேகமா கிடையாது. அட்டைப் பெட்டியில சி.ஆர்.ஐ. 80ன்னு போட்டிருப்பான், அந்த எண்ணு எட்டு வெளிர் நிறத்தோட சராசரி, அடர்த்தியான சிவப்பு கணக்குலயே இல்ல. அந்த வெளிச்சத்துல கூரைப்புடவை அரக்கு, காய்ஞ்ச புளி நிறத்துக்குப் போகும். இல்லாத சிவப்பை எந்த அட்டையும் கொண்டாந்து தராது. உன் லைட்டை நல்லதா வாங்கு. கேமராவுக்குத் தவணை கட்டறவன் லைட்டுக்குக் கஞ்சத்தனம் பண்றதுதான் எனக்குச் சிரிப்பு.

இவ்வளவும் கத்துக்கிட்டு, கார்த்திகை தீபத்தன்னைக்கு அகல்விளக்கு முன்னாடி அட்டையை நீட்டினன்னா முதுகுல ஒண்ணு வைப்பேன். விளக்கு வெளிச்சம் பொன்னா இருக்கணும்னுதான் ஏத்தறாங்க. அதைச் சரி பண்ணி வெள்ளையாக்கினா கோயில் மண்டபம் எக்ஸ்ரே ரூமாயிடும். தோல் நிறம் கெடாத அளவுக்குத் திருத்து, மஞ்சளை விட்டு வை. கருவி வெள்ளை எதுன்னு சொல்லும். எவ்வளவு வேணும்னு நீதான் சொல்லணும். அம்மா மண்டபம் படித்துறையில விடியக்காலை எடுக்கறப்பவும் அப்படித்தான்: கெல்வினை 5500ல கட்டி வச்சிட்டு, காவேரி எந்த நிறத்துல வருதோ வரட்டும்னு விட்டுடு.

ஆவணி முகூர்த்தம் வரிசையா வருது. டெஃப்லான் வில்லையோ கிரே கார்டோ ஒண்ணைப் பையில போட்டுக்க. மேடையில யார் கையில வேணா பிடிக்கக் குடு, பொண்ணோட தாய்மாமன் கையில மட்டும் குடுத்துடாத. விசிற ஆரம்பிச்சுடுவார், பந்தி முடியற வரைக்கும் திருப்பித் தரமாட்டார்.