ஒரு கோலியும் ஒம்பது பேனாவும்

ஏலே மருமவனே, உங்கம்மை நேத்து வந்து ஒரே ஒப்பாரி. "அண்ணே, பய சாமத்துல எந்திரிச்சு உக்காந்து பேனாவைக் கழுவுதான். கழுவுததும் தொடைக்கதும் லைட்டுல தூக்கிப் பாக்கதும்... காத்துக் கருப்பு ஏதும் அண்டிட்டோ?"ன்னு கேக்கா. "கருப்பு இல்ல தாயி, நீலக்கருப்பு. பாட்டில்லயே எழுதிருக்கு"ன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரல. எனக்கு வந்துச்சு.

உன் பாடு தெரியாம இல்ல. ஆபீசுல யாரை எப்போ வீட்டுக்கு அனுப்புவான்னு தெரியல. வீட்டுக்கு வந்தா கதவுல நம்பர் எழுதிட்டுப் போயிருக்கான். 2022 நவம்பர்ல அதானி கம்பெனி 5,069 கோடிக்குக் கேட்டு, இடிச்சுக் கட்டுத ஏலத்தை எடுத்ததுலருந்து தாராவியில எவன் முழுத் தூக்கம் தூங்குதான்? 2024 மார்ச்சுல கணக்கெடுப்பு ஆரம்பிச்சாவ. 2000 ஜனவரி 1-க்கு முன்னால தரைத்தளத்துல இருந்தவனுக்கு இங்கனயே 350 சதுர அடி, காசில்லாம. அதுக்குப் பொறவு 2011-க்குள்ள வந்தவன் ரெண்டரை லட்சம் கட்டினா 300 சதுர அடி, தாராவிக்கு வெளியில. மாடியில இருக்கவன் அங்கயே வாடகைக்கு இருந்து மெள்ள மெள்ளக் கட்டி எடுத்துக்கிடணுமாம். ஊர் உலகத்துல மேல ஏற ஏற மதிப்பு கூடும்பாவ. நம்ம இரும்பு ஏணியில மட்டும் ஏற ஏறக் குறையுது. வெளியிலன்னா எங்கன்னு கேட்டா, செம்பூர் தாண்டி தேவ்னார் குப்பைமேட்டுப் பக்கமும் கை காட்டுதாவ. 1971-ல பாந்த்ரா கசாப்புக் கொட்டடியைத் தூக்கிட்டுப் போனதும் தேவ்னாருக்குத்தான். முதல்ல ஆடு, இப்போ ஆளு.

இதுக்கு நடுவுல நீ கண்டுபிடிச்ச மருந்து மைப்பேனா. குடிக்கல, சீட்டாடல, போன்ல ரம்மி விளையாடிக் கடன் வைக்கல. அதுக்கே உனக்கு நாயர் கடையில மலாய் டீ வாங்கித் தரணும். ஆனா ஒம்பது எதுக்குடே? இருக்கது பத்துக்குப் பதினஞ்சு அடி ஒத்தை அறை, இங்கத்த பேச்சுல கோலி. அரிசி டின்னு கட்டிலுக்கு அடியில, தையல் மிசினு கட்டில் தலைமாட்டுல, உங்கம்மை படுக்கது மிச்ச இடத்துல. உன் பேனாவுக்கு மட்டும் வெல்வெட்டு மெத்தை போட்ட பெட்டி. அடுத்த வாட்டி கணக்கெடுக்க வாரவன்கிட்ட அதுக்கும் தனியா ஒரு நம்பர் கேளு. அந்தத் திருவள்ளூர்ல கடைஞ்ச எபனைட்டுப் பேனா மட்டும் கொஞ்சம் பார்வையா இருக்கு, இல்லேங்கல.

விலை ஏறினா நிம்மதியும் ஏறும்னு எவனோ உன் காதுல ஓதிருக்கான். 2009-ல மான்ட் பிளாங்க் கம்பெனிக்காரன் காந்தி பேர்ல தங்கப் பேனா போட்டான். தண்டிக்கு நடந்தது 241 மைல்னு கணக்குப் பண்ணி 241 பேனா. ஒண்ணு பதினோரு லட்சத்துக்கு மேல. அரை வேட்டி கட்டின மனுசன் பேர்ல! கேரளாவுல கேஸ் போட்டதும் விக்கதை நிப்பாட்டினான். அந்த மனுசனுக்கு ராஜமுந்திரி ரத்னம் உள்ளூர்லயே பேனா செஞ்சு குடுத்து, 1935-லயே பாராட்டுக் கடுதாசி வாங்கியாச்சு.

நீ மூச்சுக்கு மூச்சு ஜப்பான், ஜெர்மனிங்கே. கலைஞர் கையில இருந்தது என்ன பேனா? வாலிட்டி 69. மெட்ராஸ் ஜெம் அண்ட் கோ கடையில வாங்கினது. செஞ்சது எங்கங்கே? நம்ம பம்பாய்ல, 1951-ல ஆரம்பிச்ச ஏர்மெயில் கம்பெனியில. சில நூறு ரூவாச் சாமான். அதுக்கு மெரினா கடலுக்குள்ள 81 கோடியில 134 அடி உசரத்துக்குச் சின்னம் வைக்கத் திட்டம் போட்டாவ, அது வேற சங்கதி. அவரு அதை வெல்வெட்டுல படுக்கப் போடல, வேலை வாங்கினாரு.

ஆனாலும் மைப்பேனாவுல ஒரு சூட்சுமம் இருக்கு, அதைச் சொல்லியாகணும். அது உன்னை அவசரப்பட விடாது. பில்லரால சொட்டுச் சொட்டா ஊத்தணும். கழுத்தை மறை கழண்டுராம திருகணும். அழுத்தி எழுதினா நிப்போட ரெண்டு காலும் விரிஞ்சிரும், பொறவு ஒட்டாது. பாதி மை தீந்துட்டா உள்ள மிச்ச இடம் பூரா காத்து. கோவத்துல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தியானா உள்ளங்கைச் சூட்டுல அந்தக் காத்து விரிஞ்சு மையைத் தள்ளும். பொத்துன்னு ஒரு சொட்டு, தாள் நடுவுல. உன் மேனேஜரை நெனச்சுக்கிட்டுப் பிடிச்சா கக்கும், மறந்துட்டுப் பிடிச்சா எழுதும். டாக்டரு பீஸ் வாங்கிக்கிட்டு "மூச்சை மெதுவா விடுங்க"ம்பாரு. இந்தச் சவம் காசு வாங்காமலே சொல்லுது.

அது எழுதினாத்தானலே சொல்லும்? உன் நோட்டைப் புரட்டினேன், உங்கம்மைதான் எடுத்துக் குடுத்தா. முதப் பக்கம்: பேனா பேரு, மை பேரு, நிப்பு சைசு. அடுத்த பக்கம்: வேற பேனா பேரு, வேற மை பேரு. நோட்டு முடியுத வரைக்கும் இதே கதை. மாப்பிள்ளை பொண்ணு பேரு இல்லாம அச்சாபீஸ் பேரை மட்டும் அடிச்ச கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு.

எழுத என்ன இருக்கும்பே. உங்க தாத்தா ரேஷன் கார்டை எடு. அந்தக் காலத்து கிளார்க்கு மைப்பேனாவுல எழுதினது. 2005 ஜூலை 26-ல சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டினப்போ, மித்தி ஆத்துத் தண்ணி கோலிக்குள்ள வந்து அந்தக் கார்டும் நனைஞ்சுது. வெறும் நீலத்துல எழுதின வரியெல்லாம் கரைஞ்சு வானம் மாதிரி ஆகிட்டு. நீலக்கருப்புல எழுதின வரி, தாத்தா பேரும் தேதியும், அப்படியே நிக்கி. அன்னைக்கு அந்தக் கிளார்க்கு எந்தப் பாட்டிலைத் திறந்தான்ங்கதுலதான் இன்னைக்கு உன் 350 சதுர அடி தொங்குது. உன் பேனாப் பெட்டி வெலையில ஒரு ஓரத்தை எடுத்து முதல்ல அந்தக் கார்டுக்குப் பிளாஸ்டிக் உறை வாங்கு.

அது ஏன் கரையலன்னு தோல் ஷாப்புக்காரன் நான் சொல்லுதேன். தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போடுவோம். பதம் ஆன ஈரத்தோல்ல ஒரு இரும்பு ஆணி கிடந்தாப் போதும், பட்ட இடம் கன்னங்கரேல்னு ஆகிரும். எந்தச் சோப்புக்கும் போகாது, மேஸ்திரி கிட்ட ஏச்சுதான் மிச்சம். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேந்தா அப்படி. அதே கடுக்காயை இடிச்சு ஊறப்போட்டு, அன்னபேதின்னு இரும்பு உப்பைக் கலந்தா மை. எழுதுதப்போ வெளுப்பாத்தான் தெரியும். காத்துப் பட்டு நேரம் ஆக ஆகக் கறுத்து, தாளைக் கவ்விக்கிடும். பழைய நீலக்கருப்பு மையெல்லாம் இந்தக் குடும்பந்தான். இப்போ பாட்டில்ல நீலக்கருப்புன்னு போட்டிருந்தா நம்பிராதே, வெறும் சாயத் தண்ணியாவும் இருக்கும். ஒரு வரி எழுதிக் காயவிட்டுக் குழாயில காட்டிப் பாரு.

ஆக, உன் பேனாவுக்கு வேலை இருக்கு. மேலே ட்ரோன் பறக்கவிட்டுக் கூரையைப் படம் பிடிச்சுட்டாவ. கூரைக்குக் கீழ யாரு எந்த வருசம் திருநெவேலியிலருந்து வந்தாவ, யாரு யாருக்குக் கோலியைக் கைமாத்தினாவ, எந்தச் சுவரை எப்போ தள்ளிக் கட்டினாவன்னு அந்த மிசினுக்குத் தெரியாது. உங்கம்மைக்குத் தெரியும், எதிர்க்கோலி ஆச்சிக்குத் தெரியும், எனக்கும் கொஞ்சம் தெரியும். பக்கத்துல உக்காந்து கேட்டு எழுது. ஆச்சி வேகமாப் பேசுவா, உன் பேனா திணறும். "மெதுவாச் சொல்லு ஆச்சி"ன்னு நீயே கெஞ்சுவே பாரு.

மை காய்ச்சச் சாமான் வேணும்னா மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் போ, கடுக்காய் கிடைக்கும், அன்னபேதியும் கேட்டுப் பாரு. அப்படி நம்ம காய்ச்சின மையை மட்டும் உன் ஜப்பான் பேனாவுல ஊத்திராதே. எஃகு நிப்பை அரிச்சு நாக்கை அடைச்சுப்புடும், பொறவு நீ அழ, உங்கம்மை என்கிட்ட வர. தொட்டு எழுதுத கட்டைப் பேனா போதும்.

டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளுக்கு தாதர் சைத்யபூமிக்குப் போவேல்லா. பூமாலைக்குப் பதிலா ஒரு நோட்டும் ஒரு பேனாவும் கொண்டாங்கன்னு சில வருசமா சொல்லுதாவ. பிள்ளைகளுக்குப் போய்ச் சேருது, நல்ல காரியம். அம்பேத்கர் சிலையில பெரும்பாலும் கோட்டுப் பையில பேனா இருக்கும், கவனிச்சிருப்பே. ஒம்பதுல நாலை அங்க குடு. நாலை நீ வச்சு எழுது.

கணக்குல ஒண்ணு உதைக்குதேன்னு பாக்கே. அந்தத் திருவள்ளூர் எபனைட்டு உருளை உன் விரலுக்குப் பருமன், பிடிச்சா நரம்பு இழுக்கும். தோல் தேய்ச்ச கைக்குத்தான் அது அடங்கும். ஞாயித்துக்கிழமை வரும்போது எடுத்துட்டு வா. மை நிறைச்சே கொண்டா, எனக்குக் கண்ணு சரியில்ல, ஊத்தத் தெரியாது.