மத்தியானக் கச்சேரியில் கண் அசந்தால் என்ன?

கருமத்தம்பட்டியில் பியானோவும் புல்லாங்குழலுமாக ஒரு மேற்கத்தியச் செவ்வியல் கச்சேரி வைத்து, அதை மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. நெய் ஊற்றிய அரிசி பருப்புச் சாதம் வயிற்றில் இறங்கியிருக்கும். மூன்றாவது வரிசையில் ஒரு தலை மெல்லச் சரியும், சட்டென்று நிமிரும், மறுபடி சரியும். பக்கத்து நாற்காலிக்காரர் முகம் சுளிப்பார். தப்பு சுளிக்கிறவர் மேல்தான் என்பது என் கட்சி. சாப்பாட்டின் மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. பட்டினி கிடந்தாலும் பிற்பகலில் உடம்பு ஒரு முறை சோர்ந்து எழும் என்று உறக்கத்தை ஆராய்கிறவர்களே சொல்கிறார்கள்.

இசை எழுதினவர்களும் இந்தக் கட்சிதான். 1741-இல் அச்சான பாஹின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்', தூக்கம் வராத ஒரு பிரபு ராத்திரியில் கேட்பதற்காகப் பிறந்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபோர்க்கெல் 1802-இல் எழுதி வைத்தார். அதை நம்பாத ஆராய்ச்சியாளர்கள் உண்டு. ஆனால் இருநூறு வருஷமாக அந்தக் கதையை யாரும் விடவில்லை. டெபுஸ்ஸி 1894-இல் அரங்கேற்றிய புகழ்பெற்ற படைப்பு தனிப் புல்லாங்குழலில்தான் தொடங்குகிறது. அதன் பொருளே, ஆட்டுக்கால் கொண்ட வனதேவன் ஒருவன் மத்தியான வெயிலில் சொக்கிக் கிடப்பதுதான். முடிவில் அவன் தூக்கத்துக்கே சரணடைகிறான். கதாநாயகனே தூங்கலாம், டிக்கெட் வாங்கினவர் தூங்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

"தூங்கினால் காதில் எப்படி விழும்?" என்பார்கள். இந்தக் கேள்வியை விசைத்தறி ஊரில் கேட்கக் கூடாது. சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கம் சுவருக்கு அந்தப்புறம் தறி ஓட, இந்தப்புறம் குழந்தை நிம்மதியாகத் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீடே முழித்துக்கொள்ளும். தூங்கும்போதும் காது ஷிப்டில்தான் இருக்கிறது. கச்சேரியிலும் அப்படியே: கடைசி சுரம் அடங்கியதும் முதலில் நிமிர்ந்து பலமாகத் தட்டுகிறவர் அந்த மூன்றாவது வரிசைக்காரர்தான். போதாததற்கு, மேற்கத்தியக் கச்சேரியில் ஒரு சொனாட்டாவின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டக் கூடாது என்பது மரபு. புரோகோஃபியெவ் 1943-இல் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் எழுதிய சொனாட்டாவில் நான்கு பகுதிகள். முழித்திருப்பவர் மூன்று இடத்தில் தவறாகத் தட்டி அசடு வழிய வாய்ப்புண்டு. தூங்குகிறவருக்குத் தெம்பு வருவதற்குள் அடுத்த பகுதி ஆரம்பித்துவிடும். அரங்கில் மரபு தவறாதவர் அவர் ஒருவரே.

"அப்படியானால் சாயங்காலமே வைக்கலாமே?" என்றால், சாயங்காலத்துக்குப் போட்டி அதிகம். சென்னை மார்கழி சீசனிலேயே சாயங்காலமும் டிக்கெட்டும் பெரிய வித்வான்களுக்கு. இலவச மத்தியானம்தான் இளையவர்களுக்கு. சபாவில் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து அவர்களைக் கண்மூடிக் கேட்டு வளர்த்துவிட்ட மாமாக்களின் சேவையை யாரும் குறைத்துப் பேச முடியாது. குறட்டையை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். இருவர் கச்சேரியில் மூன்றாவது வாத்தியத்துக்கு யாரும் இசை எழுதவில்லை. ஆகவே, கச்சேரி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சாய்மானம் உள்ள நாற்காலி போடுங்கள், விசிறியை நிறுத்தாதீர்கள், காபியை மட்டும் கச்சேரி முடிந்த பிறகு கொடுங்கள்.