செக்போஸ்ட் இடம் மாறியது

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வாளையாரிலும் குமுளியிலும் வணிக வரி செக்போஸ்டுக்கு வேலை போனது. போனது ஒழிந்தது என்று நினைத்தோம். அது மெயிலுக்குள் குடிபுகுந்திருக்கிறது.

குமுளி ஏலக்காய் வியாபாரி ஒருவர் சொந்த மெயில் சர்வர் வைத்து, போடிக்கு விலைப்பட்டியல் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போடியில் இருக்கலாம். மெயிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பல இணைய நிறுவனங்கள் 25ஆம் போர்ட்டைப் பூட்டியே வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் எஸ்பிஎஃப்: இந்தப் பெயரில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா? அடுத்து டிகேஐஎம்: வைத்த சீல் உடையாமல் இருக்கிறதா? பிறகு ரிவர்ஸ் டிஎன்எஸ்: ஐபியை விசாரித்தால் உன் பெயரைத்தான் சொல்லுமா? 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இன்னும் கறார். எல்லாம் சரியென்றாலும், கிரேலிஸ்டிங் வைத்திருக்கும் சர்வர் புதுமுகத்திடம் 'அப்புறம் வா' என்கிறது. தப்பு ஒன்றுமில்லை, புதுமுகம் என்பதே தப்பு.

மெயில் சர்வரில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் பொறுமைசாலி. நாம் மாற்றாவிட்டால் ஐந்து நாள் வரை க்யூவில் வைத்துக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அதற்குள் புற்றடி ஏலத்தில் விலை எங்கேயோ போயிருக்கும்.

கடைசியில் எல்லோரும் செய்வதுதான்: போஸ்ட்ஃபிக்ஸின் 'ரிலேஹோஸ்ட்' வரியில் பெரிய கம்பெனி ஒன்றின் பெயரைப் போட்டு, 587ஆம் போர்ட் வழியாக அதன் கையில் கொடுத்துவிடுவது. காசு வாங்கிக்கொண்டு கொண்டுசேர்க்கும். லாக்கிலும் 250 ஓகே என்று விழுந்துவிட்டது.

கடிதம் போடியில் ஸ்பேம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. விலையை அவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டு முடித்துவிட்டார்கள்.