வரம் தராத பூசாரி

2016-ஆம் வருடத்துக்கான 'ஸ்டார் பெர்ஃபார்மர்' சான்றிதழ் எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் இன்னும் நிற்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதைத் துடைத்து, மேல் ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்துவிடுவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, நானும் வாசித்துக் காட்டியதில்லை. 'குறித்த கெடுவுக்குள் நூறு சதவீத டிக்கெட்டுகளையும் தீர்த்தவர்' என்று இருக்கிறது. அந்தத் 'தீர்த்தவர்' என்ற சொல்லில்தான் கொஞ்சம் சிக்கல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகங்களுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் சிஸ்டம் சப்போர்ட். மேலே மூன்று மாடிகளில் இன்ஜினியர்கள். தரைத்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் நாங்கள் மூன்று பேர். அவர்கள் கழுத்தில் நீல நாடா, எங்கள் கழுத்தில் பச்சை. பச்சை என்றால் கான்ட்ராக்ட். வேலை இங்கே, சம்பளச் சீட்டு வேறொரு கம்பெனி பெயரில். அவர்கள் பி.இ., நான் டிப்ளமோ. என்னைவிட ஐந்து வயது சின்ன ஆள்கூட 'தம்பி, இந்த மவுஸைக் கொஞ்சம் பாரு' என்பார். ஆயுத பூஜை அன்று மட்டும் எல்லோரும் சர்வர் அறைக்கு வந்து எங்களைச் 'சார்' என்று கூப்பிட்டுப் பொரிகடலை வாங்கிக்கொண்டு போவார்கள். (அந்த அறையில் ஊதுபத்தி கூடாது, புகை டிடெக்டர் கத்திவிடும். சந்தனம் குங்குமத்தோடு சரி.) மறுநாள் காலை மறுபடி தம்பி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி வேலையை நான் ஆசையாசையாகச் செய்தேன். நிர்வாகம் அனுமதித்த சாஃப்ட்வேராகவே இருக்கட்டும், இன்ஸ்டால் பண்ண அட்மின் பாஸ்வேர்ட் என்னிடம். பென் டிரைவைத் திறந்துவிட வேண்டுமா, என்னிடம். எவ்வளவு பெரிய மேனேஜரானாலும் அந்தச் சின்னக் கட்டத்தில் நான் பாஸ்வேர்ட் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அந்த ஐந்து விநாடி எனக்குப் போதும். ஏழு விநாடியாக இழுத்து அடிப்பேன்.

இனி டிக்கெட் கதை. யாருக்கு என்ன கோளாறானாலும் டிக்கெட் போட வேண்டும். போட்ட நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். சாதாரணக் கோளாறென்றால் இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும், தாண்டினால் சிவப்பு. ஆனால் அந்தக் கடிகாரத்துக்கு ஒரு பொத்தான் உண்டு: 'யூசர் பதிலுக்குக் காத்திருக்கிறது'. அதை அழுத்தினால் ஓட்டம் நிற்கும். அழுத்துவதற்கு முன் யூசரிடம் ஏதாவது ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். என்ன கேள்வி என்று எந்த விதியும் இல்லை. 72 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும், தீர்ந்ததாகக் கணக்கில் ஏறும். அந்த 72 மணி நேரத்தில் சனி, ஞாயிறு கழிவதில்லை என்பதை எங்கள் மூவரில் முதலில் கண்டுபிடித்தவன் நான். வெள்ளிக்கிழமை மாலை 5.50-க்கு என் கேள்விகள் கிளம்பும். 'எர்ரர் எப்போது வருகிறது?' 'ஸ்க்ரீன்ஷாட் இணைக்கவும்.' 'ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?' திங்கள் மாலைக்குள் பாதி மூடியிருக்கும். சான்றிதழ் பிறந்த கதை இதுதான்.

இன்ஜினியர்கள் மட்டும் என்ன சொக்கத் தங்கமா? மவுஸ் பேட்டரி தீர்ந்ததற்கு 'பி1, உற்பத்தி நின்றுவிட்டது' என்று டிக்கெட் போட்டவர் உண்டு. தொங்கிக்கொண்டிருந்த நெட்வொர்க் கேபிளின் இரண்டு முனையையும் அழகுக்காகச் சுவர்ச் சாக்கெட்டுகளில் செருகி, போன தகவலே சுற்றிச் சுற்றி வந்து மாடி முழுவதையும் படுக்க வைத்தவர் உண்டு. விளக்கம் என்ற இடத்தில் 'வொர்க் ஆகல' என்ற இரண்டே சொல் எழுதுகிறவர்கள் தினமும் உண்டு. ஆனால் இது அவர்களுடைய வாக்குமூலம் இல்லை. என்னுடையது.

டிசைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். ஒரே காலையில் அவன் கணக்கு மூன்று முறை பூட்டிக்கொண்டது. ஐந்து தடவை தவறான பாஸ்வேர்ட் போனால் பூட்டிவிடும் ஏற்பாடு. திறந்துவிட்டேன். 'கேப்ஸ் லாக்கைப் பாருங்க', 'நிதானமா டைப் பண்ணுங்க' என்று புத்தி சொன்னேன். நான்காவது முறை அவன் இடத்துக்கே போய், சுற்றி இருந்தவர்கள் காதில் விழும்படி, "பி.இ. முடிச்சிருக்கீங்க, பாஸ்வேர்ட் அடிக்க வரலியா?" என்றேன். எத்தனை வருடத்துப் பச்சை நாடா அது! பையன் ஒன்றும் பேசவில்லை. பேன்ட் பையிலிருந்து ஃபோனை எடுத்து ஃப்ளைட் மோடில் போட்டான். அதற்குப் பிறகு கணக்கு பூட்டவே இல்லை. முந்தின நாள் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறான். ஃபோனின் வைஃபையில் பழையது அப்படியே கிடந்து, பையிலிருந்தபடியே கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கணக்கு பூட்டும் ஒவ்வொரு முறையும் சர்வர் 4740 என்ற எண்ணில் ஒரு பதிவு போட்டு, தட்டு எந்தப் பக்கமிருந்து வந்தது என்றும் எழுதி வைக்கும். பார்க்க இரண்டு நிமிடம். நான் பார்க்கவில்லை. "பாஸ், ஃபோன்தான் போல" என்றான் பணிவாக. "அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றேன். மறுவாரம் அதை ஒரு குறிப்பாக எழுதி, என் பெயரையும் போட்டு, எல்லோருக்கும் அனுப்பினேன். அதற்கும் பாராட்டு வந்தது.

2014-இல் ஒரு சனிக்கிழமை லைசென்ஸ் சர்வரில் நெட்வொர்க் கார்டை மாற்றினேன். பழையது மெதுவாக இருக்கிறதென்று எனக்கே தோன்றியது, யாரும் கேட்கவில்லை. டிசைன் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் அந்தக் கார்டின் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். கார்டு போனால் லைசென்ஸ் போச்சு. திங்கட்கிழமை 40 பேர் வந்து உட்கார்ந்தார்கள், ஒருவருக்கும் திறக்கவில்லை. "வெண்டார்கிட்ட பேசிட்டிருக்கோம்" என்று மெயில் போட்டேன். வெண்டாருக்கு நான் ஃபோனே போடவில்லை. பதினொன்றரைக்குத்தான் புத்தியில் உறைத்தது. பழைய கார்டு என் மேஜை டிராயரில், நக வெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. மாட்டினேன், ஓடியது. "வெண்டார் சரிசெய்துவிட்டார்கள்" என்று இன்னொரு மெயில். அன்று வாசல் டீக்கடையில் ஒரு மணிக்குள் பால் தீர்ந்துவிட்டது என்று கேள்வி.

பாஸ்வேர்ட் விஷயத்திலும் ஒன்று உண்டு. 45 நாளுக்கு ஒருமுறை எல்லோரும் மாற்ற வேண்டும் என்பது எங்கள் சட்டம். மறந்தவர்களைப் பிடித்து வாட்டுவது என் பொழுதுபோக்கு. இப்படி அடிக்கடி மாற்றச் சொல்லும் வழக்கம் பரவக் காரணமாயிருந்த 2003-ஆம் வருடத்து அமெரிக்க அரசு வழிகாட்டியை எழுதியவர் பில் பர். எழுதியதில் பலவற்றுக்காக வருந்துகிறேன் என்று 2017-இல் அவரே பேட்டி கொடுத்தார். காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று அந்த வழிகாட்டியின் புதிய பதிப்பும் அதே வருடம் வந்தது. ஓர் இன்ஜினியர் அந்தச் செய்தியை இணைத்து டிக்கெட் போட்டிருந்தார். 'இது கோளாறு அல்ல' என்று எழுதி மூடினேன். அப்போது என் சொந்த அட்மின் பாஸ்வேர்ட், ஊர்ப் பெயரும் கடைசியில் 27 என்ற எண்ணும். அடுத்த 45 நாளில் அது 28 ஆனது.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. நோட்டு இனிமேல்தான்.

மூன்றாவது மாடியில் சிமுலேஷன் பார்க்கும் மேடம் ஒருவர். குலுக்கினால் ஒரு பாகம் எங்கே விரியும், எத்தனை லட்சம் குலுக்கலில் உடையும் என்று கணினியிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கிற வேலை. ஒரு கணக்கு ஓடி முடிய இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். ரன் ஓடும்போது மானிட்டரில் ஓர் ஏ4 தாளை ஒட்டி வைப்பார். சிவப்பு ஸ்கெட்ச்சில் 'ரன் ஓடுகிறது, அணைக்க வேண்டாம்'. கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், 'அக்கா, பிளக்கைத் தொடாதீங்க'. இது கூட்டிப் பெருக்க வரும் அக்காவுக்கு. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வீட்டில் தோசை மாவுக்கு எழுதி ஒட்டின மாதிரி இருக்கிறதே என்று எங்கள் அறையில் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

2017 மே மாதம் 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' வந்தது. உலகமெல்லாம் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வைரஸ். அதை அடைக்கும் பேட்ச் மார்ச் மாதமே வெளிவந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மேலிடம் பயந்துவிட்டது. இனிமேல் பேட்ச் வந்தால் எல்லா மெஷினிலும் போட வேண்டும், ரீஸ்டார்ட் உட்பட, விதிவிலக்கு கிடையாது என்று உத்தரவு. விதிவிலக்கு கிடையாது என்ற வாக்கியத்தை என்னைவிட ரசித்துப் படித்தவர் இருக்க முடியாது.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய் பேட்ச் வரும். அந்த ஜூனில் 13-ஆம் தேதி. புதன்கிழமை எங்கள் அறை மெஷினில் போட்டுப் பார்த்தோம். வெள்ளி அதிகாலை 2 மணிக்கு எல்லா மெஷினும் ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துவிட்டு, வியாழன் இரவு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டுப் படுத்தேன். மேடம் செவ்வாய் மாலை 6 மணிக்கு ரன்னை ஓடவிட்டிருந்தார். வெள்ளி நண்பகலில் முடிய வேண்டியது. நான்கு மணிக்குக் கஸ்டமருடன் மீட்டிங். அந்த மூன்று நாளும் அக்கா அந்த மேஜைப் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோகவில்லையாம். என் திரையில் அந்தத் தாள் தெரியாது. ரிமோட்டில் மெஷின் பெயர்தான் தெரியும், மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரியாது.

காலை 9 மணிக்கு மேடம் எங்கள் அறைக்கே இறங்கி வந்தார். நான் தலை நிமிராமல் கேட்டேன், "டிக்கெட் போட்டீங்களா மேடம்?"

"போட்டேன். ரெண்டு மாசம் முன்னாடி."

புரியாமல் நிமிர்ந்தேன். 56 மணி நேர ரன் போய்விட்டது என்றார். குரல் உயரவில்லை. நான் வழக்கமான பாட்டை எடுத்தேன். "அப்டேட் மேடம். அது மேலேருந்து வர்றது, நம்ம கையில இல்ல."

"மேலேருந்தா? நீங்க கிரவுண்ட் ஃப்ளோர்லதானே இருக்கீங்க?"

பக்கத்து சீட்டுக்காரர் இருமுவதுபோல் சிரித்தார். நான் பாலிசி, வைரஸ் என்று கொஞ்சம் பேசினேன். பிறகு அறிவாளித்தனமாக ஒன்று கேட்டேன். இடையிடையே சேவ் பண்ணும் வசதி உங்கள் சாஃப்ட்வேரில் இருக்குமே, விட்ட இடத்திலிருந்து தொடரலாமே? இருக்கிறது என்றார். அதற்கு ரீஸ்டார்ட் ஃபைல் என்றே பெயராம். மணிக்கொரு முறை எழுத வைத்தால் நூற்றுக்கணக்கான ஜி.பி. பிடிக்கும், என் டிஸ்க்கில் இடமில்லாததால் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். "அதுக்குத்தான் டிஸ்க் கேட்டு டிக்கெட் போட்டேன்."

வாழ்நாளெல்லாம் ரீஸ்டார்ட் ரீஸ்டார்ட் என்று ஓதிய வாய் எனக்கு அப்போது மூடிக்கொண்டது. அவர் எதிரிலேயே அந்த டிக்கெட்டைத் தேடினேன். ஏப்ரல் 11, '2 டி.பி. கூடுதல் டிஸ்க் தேவை'. ஏப்ரல் 13, வியாழன், மாலை 5.50, என் கேள்வி: 'தேவைக்கான காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிடவும்.' அந்த வருடம் தமிழ்ப் புத்தாண்டும் புனித வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விடுப்பு. ஞாயிறு மாலை 5.50-க்கு டிக்கெட் தானாக மூடியிருந்தது. கூடவே, 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று ஒரு சிரிக்கும் மூஞ்சியுடன் மெயிலும் போயிருந்தது. அவர் திங்கட்கிழமை காலை எழுதிய பதில், மூடிய டிக்கெட்டின் அடியில், யாரும் படிக்காமல் கிடந்தது. நான்கு வரி. ரன் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தார்.

பத்து மணிக்கு அவருடைய மேனேஜர் வந்தார். சம்பாதிக்கிறது நாங்கள், செலவு நீங்கள் என்ற பழைய வசனம் வந்தது. அதற்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். அன்று சொல்லவில்லை. மேடம் அந்த டிக்கெட்டைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மீட்டிங் அடுத்த வாரத்துக்குப் போனது. அவர் மெஷினைத் தனிக் குழுவில் போட்டு, கேட்காமல் ரீஸ்டார்ட் ஆகாதபடி செய்தேன். அதற்கு ஓர் எழுத்துபூர்வ ஒப்புதல்தான் தேவைப்பட்டது. என் மேனேஜர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். டிஸ்க் மார்ச் மாதத்திலிருந்தே என் நாற்காலிக்குப் பின்னாலிருந்த அலமாரியில், கவர் பிரிக்காமல், இரண்டு இருந்தது. ஸ்க்ரூ டிரைவரோடு மூன்றாவது மாடிக்குப் போய் மாட்டிவிட்டு இறங்க 20 நிமிடம் ஆனது. மூடிய டிக்கெட்டை மறுபடி திறக்க முடியாது என்பதால், மேடம் பெயரில் நானே புதிதாக ஒன்று போட்டு, நானே மூடினேன். அதுவும் கெடுவுக்குள் தீர்த்ததாக என் கணக்கில் ஏறியிருக்கிறது.