டிகிரி வேண்டாம், ஆள் வேண்டும்!

ஆன்லைனில் புடவை விற்கப் போகிறேன். நல்ல புரோகிராமரும் டிசைனரும் சீப்பாக எங்கே கிடைப்பார்கள்? (வாசகி, தரமணி)

தரமணியில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? 2000-ல் திறந்த ஐ.டி. வளாகமான டைடல் பார்க் பக்கம் ஏதாவது டீக்கடையில் நின்று, 'சைட் படுத்துருச்சு' என்று உரக்கச் சொல்லுங்கள். நாலு பேர் திரும்புவார்கள். டிசைனருக்கு உங்கள் ஊரிலேயே ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட் இருக்கிறது, அங்கே படித்தவர்களுக்குப் புடவையும் தெரியும். 'சீப்' என்பதை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.

டிகிரி கேட்டு நிற்காதீர்கள். மென்பொருள் நிறுவனமான ஜோஹோவே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து, வேலையும் தருகிறது. சம்பளம் பேசும் முன், வருகிறவர் ஏற்கெனவே செய்த தளத்தில் உங்கள் போனிலேயே ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். திருப்பி அனுப்பியும் பாருங்கள்.