எவ்வளவு கொடுக்கும்?

மயிலாப்பூரில் ஒருவன் மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னால், எதிரில் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கொடுக்கும்?" வண்டி அவனுக்கு என்ன கொடுக்கும் என்றுதான் கேட்பார்கள். அவன் வண்டிக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறான் என்று வெளியாள் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது.

நான் வாங்க நினைத்தது டூரிங் பைக். முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, பாண்டிச்சேரி போய்த் திரும்பினாலும் காலியாகாத டாங்க். மந்தைவெளியில் வீடு, அடையாறில் ஆபீஸ். திரு.வி.க. பாலத்தில் ஏறி இறங்கினால் வந்துவிடும். மொத்தம் நாலு கிலோமீட்டர். 17 லிட்டர் டாங்க்கை ஒரு தரம் ரொப்பினால் இரண்டு மாசத்துக்கு பங்க் பக்கமே தலை வைத்துப் படுக்க வேண்டாம். இதற்கெதற்கு டூரிங் பைக் என்று ஆபீசில் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள். நினைத்தால் போகலாம் என்பதற்காகத்தான் டூரிங் பைக் வாங்குவது. போயே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. லடாக்கிலுள்ள லே இங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அது அங்கேயே இருக்கட்டும், நான் இங்கே தயாராக இருக்கிறேன்.

இந்த ஆசை ஐம்பதை ஒட்டித்தான் வருகிறது. எங்கள் வயசுக்காரர்களைக் கெடுத்தது அஜித்குமார் என்பது என் கட்சி. 2011இல் 'மங்காத்தா'வில் நரைத்த தலையோடு வந்தார். நாங்கள் டை அடிப்பதை நிறுத்தினோம். அப்புறம் பிஎம்டபிள்யூ ஜிஎஸ் வண்டியில் லடாக், நேபாளம், பூடான் என்று சுற்றினார். நரைதான் ஏற்கெனவே இருக்கிறதே, பாக்கி வண்டி மட்டும்தானே என்று தோன்றிவிட்டது. அந்த வரிசையில் இப்போது வரும் ஆர் 1300 ஜிஎஸ்ஸின் விலை 20 லட்சத்துக்கு மேல் என்று தெரிந்ததும் நரையோடு நிறுத்திக்கொண்டேன்.

விலையை மறந்துவிட்டு மனசை மட்டும் கேட்டால், அது ஹோண்டா கோல்ட் விங் என்று சொல்லும். 1833 சிசி, ஆறு சிலிண்டர், விலை 40 லட்சத்தை ஒட்டி. ஆனால் என்னை மயக்கியது அதெல்லாம் இல்லை. அதற்கு ரிவர்ஸ் கியர் உண்டு! 380 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றை மனுஷன் காலால் உந்திப் பின்னுக்கு எடுக்க முடியாது என்பது ஜப்பான்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. அறுபத்துமூவர் அன்று சாயங்காலம் தெரியாத்தனமாக மாட வீதிக்குள் வண்டியை விட்டவனுக்குத்தான் அந்தக் கியரின் அருமை புரியும். கோல்ட் விங்கை விட்டுவிட்டேன். ரிவர்ஸ் கியர் மட்டும் மனசிலேயே நின்றது.

மச்சான் தி.நகரில் ஆடிட்டர். பட்டியலைக் காட்டினேன். அவர் வண்டியின் படத்தைப் பார்க்கவில்லை, சிசியை மட்டும் பார்த்தார். "மாப்ளே, 350ஐத் தாண்டாதீங்க." 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. அதைத் தாண்டினால், செஸ்ஸோடு சேர்த்து 31ஆக இருந்தது 40க்கு ஏறியது. சொந்த உபயோகத்துக்கு விமானம் வாங்குகிறவருக்கும் உல்லாசப் படகு வாங்குகிறவருக்கும் அதே 40தான். ஆக 349 சிசி மீட்டியோர் வாங்கினால் நான் குடும்பஸ்தன், 452 சிசி ஹிமாலயன் வாங்கினால் படகுக்காரன். போதாததற்கு, ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வண்டிக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 12 சதவீதம். "வரியா கட்டுற காசுல ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்" என்றார் மச்சான். ஸ்கூட்டரிலிருந்து தப்பிக்கத்தான் இவ்வளவும் என்பதை ஆடிட்டருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆனாலும் முதலில் பார்க்கப் போனது ஹிமாலயன் 450ஐத்தான். ராயல் என்ஃபீல்டு என்றால் சென்னைக்காரனுக்குச் சொந்தக்காரன் மாதிரி. 1955இல் திருவொற்றியூரில் ஆரம்பித்த கம்பெனி. இங்கிலாந்தில் இருந்த தாய்க் கம்பெனி 1970 வாக்கில் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகும் இங்கே புல்லட் நிற்கவில்லை. இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள். காஞ்சிபுரம் ஜில்லாவின் ஏரிக்கரைச் சமவெளியில் செய்து, இமயமலைப் பெயரை வைத்து, மந்தைவெளிக்காரனிடம் விற்கிறார்கள். இந்தத் துணிச்சலுக்கே ஒன்று வாங்கலாம்.

தி.நகர் பக்கம் ஒரு ஷோரூம். சனிக்கிழமை மத்தியானம். விற்பனைப் பையன் வண்டியைத் துடைத்து நிறுத்தி, "உக்காந்து பாருங்க சார்" என்றான். ஹிமாலயனின் சீட்டு உயரம் 825 மில்லிமீட்டர். காகிதத்தில் படித்தபோது அது ஒரு எண். காலைத் தூக்கிப் போட்டபோதுதான் அது எங்கள் வம்சத்தோடு சம்பந்தப்பட்ட எண் என்று தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் அறிவும் மூக்கும் நீளம், கால் கிடையாது. இரண்டு கட்டைவிரலும் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒரு கால் முழுசாக ஊன்றியது, மற்றது ஆகாசத்தில் நின்றது. பையன் அனுபவசாலி. "ஓட்ட ஆரம்பிச்சுட்டா கால் தேவையே இல்ல சார்" என்றான். சென்னையில் வண்டி ஓட்டுவது என்பதே பெரும்பாலும் கால் ஊன்றி நிற்பதுதான் என்பதை அவனிடம் சொல்லவில்லை. பாவம், இன்சென்டிவ் வாங்குகிற பிள்ளை.

டெஸ்ட் ரைடு பனகல் பார்க்கைச் சுற்றி. ஆறு கியர் உள்ள வண்டியில் நான் பார்த்தது இரண்டு கியர். 40 குதிரைசக்தியில் முப்பத்தெட்டு சும்மா இருந்தது. சிக்னலில் நின்றபோது இரண்டு கையிலும் ஜவுளிக்கடைப் பைகளோடு ஒரு அம்மாள் வந்தார். ஒரு பையை என் வண்டியின் முன்பக்கக் கம்பியில் மாட்டிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி பையை எடுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவே இல்லை. சாகச வண்டியில் கட்டைவிரல் நுனியில் நின்றுகொண்டு நான் அவருக்குப் பை பிடித்திருக்கிறேன். பச்சை விழுந்தது. சென்னைக்குள் இருசக்கர வண்டிக்குப் போலீஸ் வைத்திருக்கும் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்தப் பகல் பன்னிரண்டு மணிக்கு அதை மீறிக் காட்ட அஜித்குமாராலும் முடிந்திருக்காது.

ஆபீசில் ஒருவர் பழைய பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் ஒன்று கைவசம் இருக்கிறது, "ஜெர்மன் வண்டி" என்று ஆசை காட்டினார். புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். "ஜெர்மன் இல்ல சார், ஓசூரு. டிவிஎஸ்ல செஞ்சது. வண்டி நல்ல வண்டிதான். ஆனா பேரு ஜெர்மன் பேரு, அதுக்கு ஒரு ரேட்டு போடுவான் பாரு. என்ஃபீல்டுல எது ஒடஞ்சாலும் தோ எதுத்த கடைல கீது." எது உடையும் என்று கேட்டேன். "அது நீ ஓட்ற ஓட்டத்துல கீது சார்."

இதற்கு நடுவில் மகள் வேறு. அவளிடம் சே குவேரா படம் போட்ட டி-ஷர்ட் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் பேசுகிறாள். "அப்பா, சே ஒரு பழைய 500 சிசி நார்ட்டன்ல தென்னமெரிக்காவையே சுத்தினாரு." நான் படித்திருக்கிறேன். 1952இல் அந்த நார்ட்டன் சிலி தேசத்திலேயே உயிரை விட்டுவிட்டது. பாக்கித் தூரமெல்லாம் லாரியும் கப்பலும்தான். அவர் எழுதிய மோட்டார் சைக்கிள் டைரியில் பெரும்பகுதிக்கு மோட்டார் சைக்கிளே கிடையாது. இதை நான் விளக்கமாகச் சொன்னது தப்பாகப் போயிற்று. "அப்ப லாரியிலயே போகலாமே" என்றாள் மனைவி, வெண்டைக்காய் நறுக்கியபடி. பிர்சிக் எழுதிய ஜென் புத்தகத்தைத் துணைக்கு இழுத்தேன். அவர் 1968இல் மகனைப் பின்னால் உட்காரவைத்து மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை போன ஹோண்டாவுக்கு 305 சிசி. மச்சான் உடனே சொன்னார்: "பாத்தீங்களா, 18 பர்சென்ட்!"

அம்மா அதையும் மிஞ்சிவிட்டாள். "உங்கப்பா டிவிஎஸ் பிஃப்டில உன்னையும் அக்காவையும் என்னையும் வெச்சுக்கிட்டு திருத்தணி போனாரு. அதுக்குப் பேரு டூர் இல்லையா?" அது 50 சிசி. பெட்டி கிடையாது, கண்ணாடி கிடையாது. புளிசாதத் தூக்கு ஹேண்டில்பாரில். மேடு வந்தால் அம்மா இறங்கி நடப்பாளாம், அப்பா மேலே போய்க் காத்திருப்பாராம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பவர்-வெயிட் விகிதம் என்று ஆரம்பித்தேன். "சாப்பிட வா" என்றாள்.

பெரிய வண்டி பேசுகிறவர்கள் யாரும் பேசாத ஒரு விஷயம் பின்சீட்டு. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி அதற்காகவே இருக்கிறது: பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க இடம், உடை சக்கரத்தில் மாட்டாமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற தடுப்பு. அதுதான் ஸாரி கார்டு. பவேரியாவில் வரைந்த வண்டியாக இருந்தாலும் இங்கே விற்க வேண்டுமென்றால் மயிலாப்பூர் மாமியின் புடவைக்கு மரியாதை செய்தாக வேண்டும். இந்தியச் சாலைச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விதி இது. வாங்கின மறுநாளே பையன்கள் அதைக் கழற்றிப் பரணில் எறிகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உட்கார யாரும் வரவில்லை என்று அர்த்தம்.

எனக்குப் பின்னால் உட்கார ஆள் உண்டு. ஆகவே அந்த ஆளையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். ஹிமாலயனில் ஏற ஸ்டூல் கேட்டாள். மீட்டியோர் 350 அவளுக்கும் பிடித்தது, மச்சானுக்கும் பிடித்தது. சீட்டு உயரம் 765, என் காலுக்கும் பிடித்தது. எல்லோருக்கும் பிடித்துவிட்டதே என்றுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அப்போது பக்கத்தில் சூப்பர் மீட்டியோர் 650 நின்றது. அதில் டூரர் என்று ஒரு ரகம்: முன்னால் கண்ணாடி, பின்சீட்டுக்குச் சாய்மானம். அவள் உட்கார்ந்தாள், சாய்ந்தாள், கைப்பையை மடியில் வைத்தாள், கண்ணை மூடினாள். "ஏங்க, இதுல ஏலகிரி வரைக்கும் தூங்கிட்டே வரலாம்." 648 சிசி, 47 குதிரைசக்தி, இரட்டை சிலிண்டர் என்று பையன் அடுக்கிக்கொண்டிருந்தான். யாரும் கேட்கவில்லை. சாய்மானத்திலேயே வியாபாரம் முடிந்துவிட்டது. சீட்டு உயரம் 740 என்பதால் என் இரண்டு பாதமும் குதிகால் உள்பட தரையில் இருந்தன. 40 சதவீத வரி என்று மச்சானுக்கு போனில் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஏலகிரி நல்ல தேர்வுதான். மலை ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்குத் திருவள்ளுவர், கம்பர், பாரதியார் என்று புலவர்கள் பெயர். மீதிக்குப் பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள் பெயர். கடன் வாங்கி வண்டி எடுத்தவன் வள்ளல்களைப் பார்த்துவிட்டு வருவது முறை. அதற்கு முன்னால் சென்ட்ரல் பக்கம் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரனைப் பார்த்தாக வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. சென்னையில் புது வண்டி வாங்கினவர்கள் ஷோரூமிலிருந்து நேரே போய் நிற்கிற இடம் அது. எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்காத வரைக்கும் வாரன்ட்டி தொடங்கியதாக அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள்.

முன்பணம் கட்டியாகிவிட்டது. இப்போது எஞ்சியிருப்பது ஒரே சிக்கல், அதன் எடை 241 கிலோ. எங்கள் அபார்ட்மென்டில் பார்க்கிங் தெருவைவிட மூன்றடி பள்ளத்தில், சரிவில் இறங்கிப் போக வேண்டும். இறங்குவது சுலபம், பூமியே உதவி செய்யும். உள்ளே வண்டியைத் திருப்ப இடம் இல்லை. காலையில் பின்னுக்குத் தள்ளித்தான் மேட்டில் ஏற்றியாக வேண்டும். வாட்ச்மேனுக்கு அறுபது வயசு, எனக்கு முழங்கால் வலி. செகரட்டரியிடம் கேட்டேன். அவர் பைக் திருட்டுப் படமான 'பொல்லாதவன்' பார்த்தவர். "தெருவுல விட்டா ராத்திரியோட ராத்திரியா தூக்கிடுவான் சார். உள்ள விட்டா நீங்களே வெளிய எடுக்க முடியாது. அந்த வகையில அதுதான் சேஃப்டி" என்றார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மந்தைவெளி, ஆர்.ஏ.புரம், தெற்கு மாட வீதி சுற்றுவட்டாரத்தில், தெரு மட்டத்தில், சரிவில்லாமல், மழைத் தண்ணீர் நிற்காமல், ஒரு வண்டியைத் திருப்பி நிறுத்துகிற அளவுக்கு இடம் வைத்திருப்பவர்கள் வாடகைக்குக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். மாசம் ஆயிரம் வரைக்கும் தரலாம் என்று வீட்டில் உத்தரவாகியிருக்கிறது. டெலிவரி அடுத்த மாசம்.